கள்வரைக் காட்டு என்று வேண்டிக்கொண்டேன்

சென்ற தைப்பூசம் கழிந்த சில நாள்களில் என் வீட்டில் பொருள்கள் காணாமற்போகத் தொடங்கின. முதலில் மூக்குக்கண்ணாடி. பின்னர் வாயிற்சாவி. வைகாசியில், மறைந்த என் துணைவியாரின் மூக்குத்தியும் பேழையில் இல்லை. அன்று நான் உண்ணவில்லை.

அடியார்களே, கிள்ளானில் நம் வழிபாட்டுக் குழுவில் என்னை அறியாதார் இல்லை. முப்பதாண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றினேன். பொய் சொல்பவரின் கண்கள் எவ்வாறு அலையும் என்பதை அருகில் நின்று கண்டவன் என்ற செருக்கு எனக்கு உண்டு. அந்தச் செருக்குத்தான் என்னைக் கெடுத்தது.

வீட்டில் நாங்கள் மூவர். மகன் செழியன் துறைமுகத்தில் முறைவேலை பார்ப்பவன். வீட்டில் தங்கும் பொழுது குறைவு. எஞ்சியவர் மருமகள் கனகா. கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். எடுத்தவர் அவரே என்று முடிவு கட்டினேன். குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, அவர் செய்வதையெல்லாம் கிழமையோடு எழுதி வந்தேன். "செவ்வாய்: துவைத்த என் சட்டைகளின் பைகளுக்குள் கைவிட்டார். வெள்ளி: குழம்பில் வேறு மணம். ஞாயிறு: என்னைப் பார்த்தபடி தொலைபேசியில் தாழ்குரலில் பேசினார்."

"சாவி எங்கே, கனகா?" என்று கேட்டால், "நேத்தும் இதையேதான் கேட்டீங்க மாமா. உங்க கையிலதான் இருக்கு, பாருங்க" என்பார். கையில் சாவி இருக்கும். அதையும் நம்பவில்லை. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று என்னையே நம்பவைக்கச் சூழ்ச்சி செய்கிறார் என்று எழுதிக்கொண்டேன்.

ஆனித் திங்களில் நம் கூட்டு வழிபாட்டில், நாற்பதாண்டுகளாக ஏடு பாராமல் ஓதிய பதிகம் மூன்றாம் பாட்டில் நின்றுபோனது. அடுத்த சொல் வரவில்லை. நீங்கள் அனைவரும் காத்திருந்தீர்கள். உணவில் எதையோ கலந்துவிட்டார் என்றே அப்போதும் எண்ணினேன். வழிபாடு முடிந்ததும் உங்களில் மூவரை ஓரமாக அழைத்து, "என் மருமகள் திருடுகிறாள்" என்று சொன்னேன்.

நாள்தோறும் காலையில் வேலின் முன் நின்று ஒரே வேண்டுதலை வைத்தேன். "முருகா, கள்வரைக் காட்டு. என் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்து." அழுதே வேண்டினேன்.

ஆவணியில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் கிள்ளானில் தொடர்வண்டி ஏறினேன். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞராக உள்ள பழைய நண்பரைக் காண வேண்டும். வீடு என் பெயரில் உள்ளது. மருமகளை வெளியேற்ற வழி கேட்பதே நோக்கம். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியது நினைவிருக்கிறது. அதன்பின் எதுவும் நினைவில் இல்லை.

மீண்டும் தெளிவு வந்தபோது பத்துமலை முருகன் கோயிலில், படிகளுக்குக் கீழே, புறாக்களின் நடுவே அமர்ந்திருந்தேன். எந்த வண்டியில் ஏறினேன், எப்போது இறங்கினேன், தெரியவில்லை. வீட்டு எண் நினைவில்லை. மகன் பெயரும் வரவில்லை. அச்சம் என்றால் என்னவென்று அன்று அறிந்தேன்.

பூக்கடைப் பெண்மணி ஒருவர் அருகில் வந்தார். "அங்கிள், ரொம்ப நேரமா வெயில்ல உக்காந்திருக்கீங்க. யார்கூட வந்தீங்க?"

நான் சற்று விலகி அமர்ந்தேன். அவரையும் ஐயுற்றேன்.

"பயப்படாதீங்க லா. சட்டைப் பையில பாருங்க, நம்பர் ஏதும் இருக்கும். எங்கப்பாவுக்கும் நாங்க அப்படித்தான் எழுதி வெச்சோம்."

பையில் கைவிட்டேன். மடித்த சிறு சீட்டு ஒன்று, ஒட்டுநாடா சுற்றி, நனையாதபடி இருந்தது. உள்ளே கனகாவின் கையெழுத்து. "இவர் என் மாமனார். வழி தெரியாமல் நின்றால் தயவுசெய்து கூப்பிடுங்கள்." கீழே அவருடைய எண். ஒவ்வொரு சட்டையிலும் அப்படி ஒன்றை வைத்திருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அதைத்தான் நான் குற்றமென்று எழுதி வைத்திருந்தேன்.

பூக்கடைப் பெண்மணி அந்த எண்ணுக்கு அழைத்துச் சொன்னதும், வேலையைப் பாதியில் விட்டு, தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்தார் கனகா. ஏசவில்லை. "சாப்டீங்களா மாமா?" என்றுதான் கேட்டார். நான் தலை குனிந்தேன்.

மறுநாள் இருவரும் கிள்ளானில் மருத்துவரிடம் சென்றோம். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். வரைந்தேன், எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன. கனகா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் குறிப்பேட்டையும் நீட்டினேன். மருத்துவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "சாப்பாடெல்லாம் எப்படி அங்கிள்?" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துணைவியார் நோயுற்றபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டு ஊனும் மீனும் முட்டையும் துறந்தேன். அவர் மறைந்தபின் நேர்த்தியை நானே பெருக்கிக்கொண்டேன்: பால் ஆண்டவனுக்கே உரியது, நான் அருந்தேன், தயிரும் மோரும்கூட இல்லை. இதனோடு நீரிழிவு மாத்திரையையும் நெடுங்காலமாக விழுங்கி வருகிறேன். குருதிச் சோதனையின் முடிவு வந்தது. உயிர்ச்சத்து பி12 பெரிதும் குறைந்திருந்தது. அது குறைந்தால் நினைவு தளரும், காரணமற்ற ஐயமும் தோன்றக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். ஊசி போடத் தொடங்கினார். "எல்லா மறதியும் இப்படித் திரும்பாது அங்கிள். நீங்க நேரத்தோட வந்துட்டீங்க" என்றார்.

வீடு திரும்பும் வழியில் நேர்த்தியை நினைத்துக் கலங்கினேன். கனகா சிரித்தார். "முருகனே பாலில குளிக்கிறாரு மாமா. நீங்க ஒரு கிளாஸ் குடிச்சா அவருக்குக் குறைஞ்சிடவா போவுது?" அன்று மாலை அவர் கையால் பால் வாங்கி அருந்தினேன். ஊன் துறந்த நோன்பு தொடர்கிறது.

ஐப்பசி முடிவதற்குள் பதிகத்தின் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு காலை, காரணமின்றி எழுந்து, காவடியின் மயிலிறகுகளை வைக்கும் தகரப்பெட்டியைத் திறந்தேன். இறகுகளுக்கடியில் மூக்குத்தி. கனகா எடுத்துவிடக் கூடாதென்று நானே ஒளித்தது. கள்வரைக் காட்டு என்று கேட்டேன்; முருகன் என்னையே காட்டினான்.

என் பழிச்சொல்லைக் கேட்ட மூவரும் இன்று இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். நான் சொன்னது பொய். கனகா ஒரு துரும்பையும் எடுத்ததில்லை. உங்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அகவை முதிர்ந்த அடியார்களே, மறதி தொடங்கினால் அதை மறைக்காதீர்கள். இறைவனை வேண்டுங்கள், அவன் கேட்பான். ஆனால் விடை நாம் விரும்பும் முகத்தோடுதான் வரும் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் யார்மீது உங்களுக்கு ஐயம் மிகுதியோ, அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.