சாப்பிட்ட பிறகும் நிற்கிறதா

எனக்கு மனதில் ஏதாவது பட்டால் உடனே நம்பிவிட மாட்டேன். முதலில் வயிறு நிறையச் சாப்பிடுவேன். கை கழுவிக் கொஞ்சம் உட்கார்ந்த பிறகும் அது அப்படியே நின்றால்தான் அடுத்த யோசனை. என் விஷயத்தில் நிற்பதெல்லாம் பயம்தான். கேஸை அணைத்தோமா, வேலைக்குப் போன பேரன் வந்து சேர்வானா என்கிற ரகம். எவ்வளவு சோறு போட்டாலும் அது அடங்காது. ஆனாலும் பழக்கத்தை விட முடியவில்லை. திருவண்ணாமலையில் பெரியப்பா வீட்டில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எனக்குத் தம்பி பிறந்து, அம்மா உடம்பு தேறாமல் கிடந்த வருஷம் அது. செங்கத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா என்னைக் கொண்டுவந்து அங்கே விட்டார். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. பெரியப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் வேலை. ஒருநாள் வாசலுக்கு வந்த சாமியார் ஒருவர், தினமும் விடியற்காலையில் மலையைப் பார்த்து உட்கார், உள்ளே ஒரு குரல் பேசும், அதைக் கேட்டு நட என்று அவரிடம் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் குரலோடு குடும்பம் நடத்துகிற வேலை பெரியம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

பெரியப்பா குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு அடிவாரத்துப் பாறைக்குப் போவார். வெயில் ஏறியதும் திரும்பி வந்து, "மலை சொல்லிச்சு" என்று ஆரம்பிப்பார். முதல் தடவை, குடை எடுத்துப் போகச் சொல்லிற்று. அன்றைக்கு அடித்த மழையில் தெருவே நனைந்து வந்தது, பெரியப்பா மட்டும் உலர்ந்து வந்தார். அதோடு வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

அதன்பிறகு மலை முருங்கைக்கீரை அடை பண்ணச் சொல்லிற்று. மண்டி முதலாளி வீட்டில் ரேடியோ வந்த வாரம், நம் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றது. கடைசியில், பெரியம்மாவின் தம்பி கல்யாணத்துக்குப் போகவேண்டாம் என்றது. அன்றுதான் பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, எந்தம்பி கல்யாணத்துல மலைக்கு இன்னாங்க வந்துச்சு? அவன் உங்கள மதிக்கலன்னு அதுக்கு யார் போய்ச் சொன்னாங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அதுவா சொல்லுது."

"அதுவா சொல்ற மலை, உங்களுக்கு ஆவாதது ஒண்ணையாச்சும் ஒருநாள் சொல்லட்டும். நான் நம்பறேன்."

ஆனால் ஒரே ஒரு வாக்கைப் பெரியம்மா கேள்வி கேட்டதில்லை. கொழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று மலை சொன்ன அன்றே கடைத்தெருவுக்குப் போய் எனக்குத் தகரப்பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். அப்பா வந்தபோது அவரும் தலையாட்டினார். டவுன் பள்ளிக்கூடம், நல்ல சாப்பாடு, வேறென்ன வேண்டும்? என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித்தான் பழக்கம். துணிமணியை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பையிலேயே மடித்து, வாசல்படி ஓரத்தில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், வீடு தீப்பிடித்தால் எடுத்துக்கொண்டு ஓட என்பேன். பெரியம்மா பெட்டியில் எடுத்து வைப்பாள். நான் திரும்பப் பைக்கு மாற்றிவிடுவேன்.

கல்யாணத்துக்குப் போய்வந்த கையோடு பெரியம்மா ஒரு காரியம் செய்தாள். விடியுமுன்னே எழுந்து அடை சுட்டு, காபி போட்டு, பெரியப்பாவை உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னாள். வயிறு நிறைந்த பிறகுதான் மலைக்கு விட்டாள். அன்று அவர் வெகுநேரம் கழித்து வந்தார்.

"மலை இன்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டாப்ல."

"மலையா?"

"நான்தான்."

பெரியம்மா சிரித்த சிரிப்பில் பால்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெரியப்பா நாணயமான மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. தராசில் கல்லையும் சரக்கையும் கலந்து நிறுத்துவிட்டோமே என்பதுபோல வருத்தப்பட்டார். அன்றிலிருந்து ஒரு முறை வகுத்துக்கொண்டார். மலையிலிருந்து வந்ததும் எதையும் சொல்லமாட்டார். முதலில் சாப்பாடு. பிறகு காபி. பிறகு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. "இன்னும் நிக்குதான்னு பாக்கறேன்" என்பார். பெரும்பாலும் இரண்டாவது அடையிலேயே கரைந்துவிடும். ரேடியோ மட்டும் காபி வரைக்கும் தாக்குப்பிடித்தது.

ஒருநாள் விடியலில் கிளம்பும்போது என் பை அவர் காலில் தடுக்கியது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து சாப்பிட்டார். நடுநடுவே என்னைப் பார்த்தார். நான் செய்த தப்பு ஏதோ மலைக்குத் தெரிந்துவிட்டது, என்ன தப்பு என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அவர் காபி குடித்தார். பொடி போட்டார். தும்மல்கூட வந்தது. அப்புறமும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாங்க, நிக்குதா?" பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நிக்குது."

"ரேடியோவா?"

"கொழந்தைய அவங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடணும்."

மலைக்கு இதில் என்ன வந்தது என்று பெரியம்மா கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அடுப்பை ஊதி, கல்லைப் போட்டு, வழித்த மாவில் ஒரு அடை தட்டினாள். எண்ணெயை ஜாஸ்தியாக விட்டாள். அதை அவர் தட்டில் வைத்து, "இன்னொண்ணு சாப்ட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. மெதுவாக, ஓரத்திலிருந்து பிய்த்து முழுக்கச் சாப்பிட்டார். பெரியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு காலியானது. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் சுட மாவு இல்லை.

என் பை தயாராகத்தான் இருந்தது. தகரப்பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. ஊருக்குப் போனபின் தம்பியைத் தூக்கிச் சுமப்பதில் என் படிப்பும் அஞ்சாவதோடு நின்றது. அது மலைக்குத் தெரிந்திருந்ததா என்று இப்போதும் சில நாள் சாப்பிட்ட பிறகு யோசிப்பதுண்டு.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று, மாவு போதவில்லை. மூன்று பேருக்குக் கட்டுப்படியாகாமல்தான் அனுப்புகிறார்கள். செங்கம் பஸ்ஸில் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பயந்து பயந்து, "பெரிப்பா, எனுக்கு இனிமே ஒரு அடை போதும்" என்றேன்.

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. அது மறுபடி ஏதோ சொல்கிறது, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.