விஜயதசமியன்று நான் போட்ட ஆன்டிவைரஸ்

புத்தூரில் அந்த மாடி ஆபீஸில் நாங்கள் மூன்றே பேர்: முதலாளி, நான், என் வயதுத் தோழி ஒருத்தி. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ரிப்போர்ட் அச்சடிக்கும் மென்பொருள் செய்து கொடுத்தோம். மதியம் நானும் அவளும் இரண்டு டிபன் பாக்ஸையும் நடுவில் வைத்து, யாருடையது எது என்று பார்க்காமல் சாப்பிடுவோம். அந்த நாட்கள் திரும்பக் கிடைத்தால் இன்றைய சம்பளத்தில் பாதியைத் தருவேன்.

அவளை ஆறு மாதத்துக்குத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். கடைசி நாள் நாலு மணிக்கு, அவள் எழுதிய நிரல் முதலாளி முன்னால் ஓட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

அதற்கு முந்தின நாள் விஜயதசமி. அன்று எதையாவது புதிதாகத் தொடங்குவது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆபீஸ் லீவுதான். இருந்தாலும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பூஜைச் சந்தனம் காயாத கம்ப்யூட்டர்களில் நல்ல நேரம் பார்த்துப் புது ஆன்டிவைரஸைப் போட்டுவிட்டுப் போனேன். போட்டதை அப்போதே மறந்தும் போனேன்.

மறுநாள் காலை அவள் நிரல் தொடங்கியதுமே பிழை காட்டி நின்றுபோயிற்று.

"லீவுக்கு முன்னாடி நல்லா ஓடுச்சுடி" என்றாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. "எதையாவது மாத்தித் தொலைச்சிருப்ப. கடைசி நாள்ல வந்து அழாத!" என்று கத்தினேன். முதலாளி அறைவரை கேட்டது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

காரணத்தைத் தேட ஆரம்பித்தாள். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கோப்புகள் கம்ப்யூட்டர் நினைவகத்தில் ஆளுக்கொரு முகவரியில் உட்காரும். நிரல் தன்னைப் பிரதி எடுக்கும்போது, பிரதியிலும் அவை அதே முகவரியில் உட்கார வேண்டும். அங்கே வேறொரு கோப்பு, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டதுபோல, முந்தி இடம் பிடித்திருந்தது. யாருடையது என்று திறந்து பார்த்தாள். ஆன்டிவைரஸினுடையது. பக்கத்திலேயே போட்ட தேதி: விஜயதசமி காலை. அன்று முதலாளி வெளியூரில். ஆபீஸுக்கு இரண்டே சாவி; மற்றொன்று என்னிடம்தான்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது. அப்புறம் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பொதுக் கோப்புகளுக்கு ஒன்றோடொன்று மோதாத புது முகவரிகளை ஒதுக்கி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினாள். மூன்றரைக்கு முதல் ரிப்போர்ட் அச்சாகி வந்தது.

நாலு மணிக்கு முதலாளி கேட்டார். "காலையில என்னம்மா பிரச்சனை?"

"ஆன்டிவைரஸ் இடத்தைப் பிடிச்சிருந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

"அதை யாரு போட்டது?"

அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"தெரியலீங்க சார்" என்றாள்.

வேலை நிரந்தரமாயிற்று. அதற்கப்புறம் நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தத் தெரிந்த எனக்கு, 'நான்தான்டி போட்டேன்' என்று சொல்ல ஒருநாளும் வாய் வரவில்லை. அவளும் கேட்கவே இல்லை.