தரிசு என்று எழுதினோம்

மைமூன் மேடம் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் குற்றாலத்தில் இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை அருவிக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய பைகளுக்குக் காவலாக நின்றிருந்தேன். கைபேசியின் மேல் சாரல் விழ விழத் துடைத்து இரண்டு முறை வாசித்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தென்காசியில் அடக்கம் என்று இருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதே குழுவில் இன்னொரு செய்தி வந்தது. திருவேங்கடத்தில் கல்லூரிக்குச் சொந்தமான நிலத்தில் மிச்சமிருக்கும் மூலையையும் சுத்தம் செய்து, வரும் வெள்ளிக்கிழமை அவர் நினைவாக மரக்கன்று நடப்போகிறார்களாம். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அவரோடு பழகியவர்களுக்கு அந்த மூலை என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் தாவரவியல், நான் வேதியியல். ஒரே வராந்தாவில் எதிரெதிர் அறைகள். அந்த நிலத்து முள்ளுக்காட்டில் அவர் பாத்தி பிரித்து வைத்திருந்தார். ஒரு பாத்தியில் ஆவாரை மட்டும். இன்னொன்றில் ஆவாரையோடு கொழுஞ்சி. வேறொன்றில் விராலி, சூரை, இசங்கு, காரை எல்லாம் கலந்து நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் மண் எடுத்துப் புட்டியில் போட்டு, உள்ளே ஒரு சின்னக் குப்பியில் காரக் கரைசல் வைத்து, மூடியை இறுக்கி என் மேசைக்குக் கொண்டுவருவார். மண்ணுக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் விடும் மூச்சைக் காரம் பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள காரத்தை அமிலம் விட்டு அளப்பது என் வேலை. நிறங்காட்டி கலந்த கரைசலின் இளஞ்சிவப்பு சீக்கிரம் மறைந்தால் மண் நன்றாக மூச்சு விட்டிருக்கிறது என்று அர்த்தம். "பல செடி கலந்து நிக்கிற மண்ணு பஞ்சத்துலயும் கொஞ்சம் தாங்குது சார். ஒத்தச் செடி மண்ணு சீக்கிரம் அடங்கிருது" என்பார். அதையும் உறுதியாகச் சொல்லமாட்டார். இன்னும் ரெண்டு மழை பார்க்கணும் என்பார்.

மழை பார்ப்பது என்றால் அவருக்கு மழையைத் தடுப்பதும் சேர்த்தி. ஐப்பசி பிறந்ததும் மழை கிடைக்காத மண் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பாதியின் மேல் பாலிதீன் கூரை போட்டுவிடுவார். வானம் பார்த்த பூமியில் இப்படி ஒரு வேலையைச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கூரையெல்லாம் கிழிந்து தொங்குகிறது. ஆடு மேய்க்கும் மாடசாமி அண்ணாச்சி அங்கேயே நின்றார். நாந்தான் கிழித்தேன் என்று ஒப்புக்கொண்டார். "மழ வரமாட்டேங்குதேன்னு நாங்க சாமி கும்புட்டுக்கிட்டு கெடக்கோம். நீங்க வார மழைக்கும் கூரை போடுதியளே, நியாயமா?"

போலீசில் சொல்லுங்கள் என்றது கல்லூரி. மேடம் கேட்கவில்லை. வெயிலில் அண்ணாச்சியோடு உட்கார்ந்து, பஞ்ச வருசத்தில் உங்கள் ஆடு எங்கே போய் மேயும் என்று விசாரித்தார். எல்லாச் செடியும் கலந்து கிடந்த காட்டை அண்ணாச்சி கைகாட்டினார். "அங்கன மட்டும் எப்பிடித் தாங்குது? அதத்தான் அண்ணாச்சி நானும் தேடுதேன்" என்றார் மேடம். மறுநாள் புதுக் கூரை கட்ட அண்ணாச்சியே கயிறு பிடித்தார்.

பிறகு மேடத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சிகிச்சைக்காக அவர் மதுரையில் படுத்திருந்தபோது, கல்லூரி பசுமை விழா கொண்டாடியது. ஜேசிபி வந்தது. எட்டு வருசத்துப் பாத்திகளை ஒரு காலைப்பொழுதில் வழித்துவிட்டு, வரிசையாக ஒரே ரகக் கன்று நட்டு, விருந்தினரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். காடு வளர்க்கக் காட்டை அழிக்கிற புத்திசாலிகளை வேறெங்கே பார்ப்பது! அந்தக் கன்றுகள் கோடையைத் தாண்டவில்லை. ஒரு மூலை மட்டும் பிழைத்தது. மாடசாமி அண்ணாச்சி ஆடுகளை உள்ளே விட்டு, "இங்கன டீச்சரம்மா மண்ணு வச்சிருக்காவ" என்று ஜேசிபிக்கு முன்னால் நின்றுவிட்டாராம்.

ஆடு மேய்க்கிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பசுமை விழாவுக்கு முன், அந்த நிலத்தைப் 'பயனற்ற முட்புதர்த் தரிசு' என்று எழுதி, அதைச் சுத்தம் செய்ய ஒப்புதல் கேட்ட தாள், டீ நேரத்தில் ஆசிரியர் அறையைச் சுற்றி வந்தது. எங்கள் ஊர்க் கல்லூரி வழக்கப்படி, முன்னால் போட்டிருப்பவரின் கையெழுத்தைப் பார்த்து நானும் போட்டேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. அவருடைய மண்ணின் மூச்சைச் சொட்டுச் சொட்டாக அளந்த அதே கைதான் போட்டது.

திரும்பி வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க வாசிக்கலன்னு தெரியும் சார். கன்னு நட்டது தப்பில்ல. அங்க ஒண்ணுமே இல்லன்னு நெனச்சதுதான் தப்பு" என்றார். மிச்ச மூலையில் எடுத்த மண்ணோடு ஆறு புட்டிகளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் அவர் கடைசியாகக் கொண்டுவந்தது.

அடக்கத்துக்கு மறுநாள் அந்தப் புட்டிகளைத் திறந்து அளந்தேன். கலப்புச் செடி மண்ணில் சிவப்பு சீக்கிரமே மறைந்தது. சொல்ல ஆள் இல்லாமல் எண்களை அவருடைய நோட்டிலேயே எழுதி வைத்தேன். அன்று மதியம் இரங்கல் கூட்டம். பேசியவர்கள் எல்லாரும் அவரை இயற்கை நேசர் என்றார்கள். பேசி முடித்ததும் தாள் சுற்றி வந்தது. இந்த முறை வாசித்தேன். அதே 'பயனற்ற முட்புதர்த் தரிசு'. ஒரு எழுத்துகூட மாறவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு நல்ல காரியத்தை இப்படி மறிக்கிறீர்களே என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கன்றோடு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த மூலையின் வேலியருகே மாடசாமி அண்ணாச்சியும் நானும் நிற்போம். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை ஆறு புட்டிகளும் ஒரு வெட்கமும். புட்டிகள் ஐப்பசி மண்ணுக்கு வேண்டும். வெட்கம், அடுத்த தாள் வரும்போது வேண்டும்.