மருமகன் பூட்டிய சுடுதண்ணீர்ப் பெட்டி

மன்னாரில் தண்ணீரைச் சூடாக்க ஒரு பெட்டி எதற்கு? பங்குனி வெயிலில் குழாயைத் திறந்தாலே கை வெந்துவிடும். மருமகன் அந்தப் பேச்சை எடுத்தபோது நானும் இதைத்தான் கேட்டேன்.

ஆனால் அது மார்கழி. வாடைக்காற்றும் மழையும் விட்ட பாடில்லை. என் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை பெற்றவள் ஒரு மாதமாவது பின்னேரத்தில் நொச்சி இலை போட்ட சுடுதண்ணீரில் குளிக்க வேண்டும் என்பதில் நான் எள்ளளவும் விட்டுக்கொடுக்காதவள். மருமகனுக்கு ஜேர்மனியில் வீடுகளைச் சூடாக்கும் குழாய்களைப் பொருத்திப் பூட்டுகிற வேலை. மகள் விசாவுக்காக இங்கே காத்திருக்க, அவர் நாலு கிழமை லீவில் வந்திருந்தார்.

“மாமி, நீங்கள் புகைக்குள்ள நிண்டு அடுப்பு ஊத வேண்டாம். நான் ஒரு வேலை செய்யிறன்” என்றார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்ற மூன்று நாளில் முடித்துவிட்டார். குளியலறையில் தண்ணீர் நிரப்பிச் சூடாக்கும் ஒரு மின்சாரத் தாங்கி, அதோடு அவர் அங்கிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டி, வெளிச்சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா. வெளியே எவ்வளவு குளிர் என்று டப்பா பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். குளிர் கூடினால் பெட்டி தண்ணீரை இன்னும் சூடாக்கும், வெக்கை என்றால் குறைத்துவிடும். டப்பாவில் வெயிலோ மழையோ படக்கூடாதாம். வடக்குச் சுவரில், மாதா சொரூபம் இருக்கிற கூட்டுக்கு மேலே, தாழ்வாரத்துக்குக் கீழே பூட்டியிருந்தார்.

சோதித்துப் பார்த்தபோது கொதிக்கக் கொதிக்க வந்தது என்றார். நாங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பின்னேரத்தில் அதைக் காணவில்லை. காலையில் நன்றாகச் சுடும். பின்னேரம் உடுப்புத் தோய்த்து, தாங்கி புதிதாக நிரம்பிய பிறகு, மகள் குளிக்கிற நேரத்துக்கு வெறும் வெதுவெதுப்புத்தான். “அம்மா, குளிருது” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவாள். மருமகன் காலையில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார். ஒரு பிழையும் இராது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆறாம் நாள், வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டுக்காரிக்கும் கேட்கும்படி, “வெள்ளைக்காரனுக்குச் சுடுற பெட்டி எங்களுக்குச் சுடுமோ? விறகை நம்பினாலும் மாப்பிள்ளையை நம்பேலாது” என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டார். அன்று மத்தியானம் நண்டுக்கறி வைத்தும் இரண்டு வாயோடு எழும்பிவிட்டார். மனைவிக்கென்று இந்த வீட்டில் தன் கையால் செய்த ஒரே காரியம் அது. இன்னும் பத்து நாளில் அது தோற்றுப்போன முகத்தோடு விமானம் ஏறப்போகிறார். எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது.

வாயால் கெட்டதை நான் செபத்தால் சரிப்படுத்தப் பார்க்கிறவள். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம், நாலு மணிக்கு வெளியே மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தி வந்தேன். இப்போது மருமகனுக்காகவும் சேர்த்து அதை மூன்றாக்கினேன். வாடைக்காற்று அணைத்துவிடாமல் தகரத் துண்டும் வைத்து மறைத்தேன். அன்று தாங்கியிலிருந்து வந்தது பச்சைத்தண்ணீரேதான்.

மறுநாள் பின்னேரம் அவர் திருகாணி கழற்றியோடு வந்தார். “கழட்டிப்போடுறன் மாமி. விறகு நான் கொத்தித் தாறன்.”

நான் மூன்றாவது திரியைக் கொளுத்திக்கொண்டிருந்தேன். அவர் டப்பாவில் கை வைத்தவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “இதென்ன மாமி, இப்பிடிச் சுடுது?” டப்பாவைப் பார்த்தார். கீழே எரிந்த திரிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. மன்னாரே வெந்துகொண்டிருக்கிறது என்று அந்த டப்பா ஒவ்வொரு நாளும் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறது. சொல்லவைத்தவள் நான். தலையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அவர் சிரித்திருக்கலாம். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லியும் காட்டியிருக்கலாம். “நீங்கள் கொளுத்துங்கோ மாமி, டப்பாவை நான் அங்கால மாத்துறன்” என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து மகள், “என்னவாம் பிழை?” என்று கேட்டாள்.

“நான்தான் பிழையான இடத்தில பூட்டிப்போட்டன்” என்றார் அவர்.

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. வேலிக்கு அப்பாலும் போகட்டும் என்று குரலை உயர்த்தினேன். “உன்ர மனிசன் சரியாத்தான் பூட்டினவர். நான்தான் திரி கொளுத்திக் கெடுத்தனான். அவரைப் பற்றிச் சொன்னதும் பிழை. கேட்டுதோ?”

டப்பா மற்ற மூலைக்குப் போனது. ஆறு மணிக்கு மகள் குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரே கத்தல்: “ஐயோ அம்மா, சுடுது! பச்சைத்தண்ணி கொண்டு வாங்கோ!”

நானும் அவரும் ஒரே வாளியைப் பிடித்தோம். “விடுங்கோ மாமி.” “நீங்கள் விடுங்கோ தம்பி.” இருவரும் விடவில்லை. பாதித் தண்ணீர் எங்கள் காலிலேயே ஊற்றுப்பட்டது. ஒரு கிழமையாகப் பல்லைக் காட்டாத மனிசன் அப்போது சிரித்த சிரிப்பில், தொட்டிலில் கிடந்த பிள்ளை விழித்து வீறிட்டது.