செல்வராணிக்கு மார்க் குறைந்துவிட்டது!

போன வாரம் மஞ்சூர் பஸ்ஸில் என் சிநேகிதி மாலதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். காரணம் மலைப்பாதை வளைவுகள் இல்லை. அவளுடைய பேஷன்ட் ஒருத்திக்கு மார்க் குறைந்துவிட்டதாம்!

மாலதி கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். கேன்சர் முற்றிப்போனவர்களைத் தேடிப் போய், நோய் வந்த பிறகு அவர்கள் மனசு எதிலாவது வளர்ந்திருக்கிறதா என்று அளக்கிறாள். மனிதர்கள் மேல் பாசம் கூடியதா, சாவு பயம் குறைந்ததா, நிம்மதி உண்டா... ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மார்க்.

முதலில் கேட்டபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. இருக்கிற வலி போதாதா, பரீட்சை வேறா?

"வலி எவ்வளவுன்னுதான்டி எல்லாரும் கேக்கறோம். வேற எதையுமே கேக்கறதில்ல" என்றாள். வாயை மூடிக்கொண்டு, குன்னூர்க்காரி என்ற தகுதியில் வழிகாட்டியாகக் கிளம்பினேன்.

அப்படித்தான் சில மாதம் முன்பு செல்வராணியைப் பார்த்தோம். சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள்; அன்று முதல் தேயிலைத் தோட்டம்தான். மார்பில் வந்த கட்டி இப்போது எலும்புக்குப் போய்விட்டது. தேயிலை விலை படுத்துவிட்டதால் எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஒரே மகள் சுமதி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இவளும் கணவர் முருகையாவும் மட்டும்.

எந்தக் கேள்வி கேட்டாலும் செல்வராணி ஐந்து என்றாள். மிஸ் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், குறைத்துச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? மாலதி திருதிருவென்று விழித்தாள். கடைசியில் செல்வராணியே, எஸ்டேட் கணக்கில் சொல்லட்டுமா என்று கேட்டாள். முழு நாள் வேலைக்கு முழுப்பேர், பாதி நாளுக்கு அரைப்பேர், வராதவருக்குப் பேர் இல்லை. இதில் யாரும் மரியாதைக்காகக் கூட்டிச் சொல்வதில்லை!

நிம்மதிக்கு முழுப்பேர். சாவு பயம் குறைந்ததற்கும் முழுப்பேர் – எப்போது கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவாளாம். நான் அசந்துபோனேன்.

மனதில் இருப்பதை நெருங்கியவர்களிடம் சொல்ல முடிகிறதா என்ற கேள்விக்குத்தான் தலை குனிந்தது.

"பேரு இல்லங்க, மிஸ்."

ஆபரேஷனோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள். வந்து, விலை இல்லாத தேயிலையை நம்பி என்ன செய்வாள்?

மாலதி புத்தி சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தால் சுமதிக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டாள். நாங்கள் கிளம்பிய மறுநாளே, எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி செல்வராணி அடம் பிடித்தாளாம். இதைப் பிறகு முருகையா சொன்னார்.

போன வாரம் போனபோது சுமதி இருந்தாள். இத்தனை நாள் மறைத்ததற்கு அம்மாவைத் திட்டிக்கொண்டே, கொட்டிப்போய் மிஞ்சியிருந்த முடியை வலிக்காமல் வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். செல்வராணிக்கு அந்தத் திட்டு வெல்லமாக இனித்தது. முகத்திலேயே தெரிந்தது.

அதே கேள்விகள். மனதில் உள்ளதைச் சொல்ல முடிகிறதா? முழுப்பேர். நிம்மதி? இவள் திட்டுகிற திட்டுக்கு அரைப்பேர் போதும் என்று சிரித்தாள். சாவு பயம் என்றதும் மகளை ஏதோ வேலை சொல்லி வெளியே அனுப்பினாள்.

"பேரு போடாதீங்க, மிஸ். அன்னைக்கு வீடு காலியா கெடந்துச்சு, போறேன்னுட்டேன். இப்ப புள்ள பக்கத்துல இருக்கா... போறதுக்குப் பயமா இருக்கு."

மாலதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். கூட்டிப் பார்த்தால் போன தடவையைவிடக் குறைவு. மனசு வளரவில்லை, சுருங்கிவிட்டது என்று கணக்கு சொல்கிறது!

எனக்கு அந்தக் கேள்விகள் மேல் கோபமில்லை. மாலதி கேட்டிருக்காவிட்டால் அந்த போன் போயிருக்காது. ஆனால் போகத் தயாராக இருப்பது மட்டும்தான் வளர்ச்சியா? இருக்க வேண்டும் என்று ஆசை வருவது எதில் சேர்த்தி?

சாகப் பயமில்லை என்ற செல்வராணியைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பயமாக இருக்கிறது என்றவளைக் கட்டிக்கொண்டேன்.