சத்தமான வீட்டில் ஒரு காது

விமானப் பணிப்பெண் வேலையில் எங்கள் ஊருக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றுதான்: விமானம் விழுந்துவிடும். வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறையில் கோட்டைக்குப்பம் வந்தபோது எதிர்வீட்டு அத்தை அதைத்தான் கேட்டார்.

"வியுந்தா இன்னா பண்ணுவ?"

விழாது என்றேன். "அதான், வியுந்தா?" என்றார். நம் ஊர் ஏரியில் விழுந்தால் நீந்தி வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றேன். அதில் அவருக்குத் திருப்தி.

உண்மையில் இந்த வேலையின் ஆபத்துகள் எல்லாம் சில்லறை ஆபத்துகள். சாப்பாடு சூடாக்கும் அடுப்பின் தட்டு முன்கையில் கோடு கோடாகச் சுடும். உணவு வண்டி சரிந்து வந்து கால்விரலில் ஏறும். விமானம் குலுங்கும்போது தலை போய்க் கூரையில் இடிக்கும். இடித்த தலையைத் தடவாமல் பயணியிடம் "ஒன்றுமில்லை, பெல்ட் போடுங்கள்" என்று சிரிக்க வேண்டும். தன்னால் தூக்க முடியாத பெட்டியை நம்மைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பவர்களால் இடுப்பு போகும். பயிற்சியில் தீ, புகை, கடலில் இறங்குவது என்று நாள் கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். சளியைப் பற்றி மட்டும் ஒரே வரி: மூக்கடைப்போடு பறக்காதே. எனக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது.

ஒரு நாள் எனக்கு மூக்கடைப்பு, வேலைக்கோ ஆள் குறைவு. லீவு கேட்டால் "சளிக்கெல்லாமா?" என்பார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினேன். சென்னையில் இறங்கும்போது இடது காது வலித்தது, இன்னும் வலித்தது, பிறகு உள்ளே ஏதோ கிழிந்த சத்தம் கேட்டு வலி சட்டென்று நின்றது. நின்றதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு கதவருகே நின்று எல்லாருக்கும் நன்றி சொன்னேன். என் கழுத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்து ஒரு பெரியம்மா கைக்குட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

காது மருத்துவர், செவிப்பறை தானாக ஆறிவிடும் என்றார். அதற்கும் உள்ளே அடிபட்டிருந்தால் என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாதாம். சில வாரம் கழித்து ஒரு சோதனை. தேறினால் பறக்கலாம், தேறாவிட்டால் பறப்பது அதோடு முடிந்தது.

எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஆகாயத்தில் எச்சில் தட்டு எடுக்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினாலும் பிடிக்கும். வடக்கே திரும்பும் விமானத்தின் ஜன்னலில் எங்கள் ஏரி தெரிகிற நாளில் சம்பளமே வேண்டாம் என்றுகூடத் தோன்றும். இதை மேலதிகாரியிடம் சொன்னதில்லை.

காது ஆறட்டும் என்று ஊருக்கு வந்தேன். அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் கரண்டியோடு துரத்தினாள். காதில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவரு ஒரு டாக்டரு," என்றாள். தூக்கத்தில் வந்து ஊற்றிவிடுவாள் என்று பயந்து, இடது காதைத் தலையணையில் அழுத்தியே படுத்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, காது மந்தம். ஃபைபர் படகில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வயதானவர். அதனால் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். "சோறு போடவா?" என்பது தெருக்கோடி வரைக்கும் போகும். டிவி ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் தன் டிவியை ஊமையாக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் காதை நானே சோதித்துக்கொண்டேன். எல்லாம் கேட்டது. அம்மா திட்டுவது கேட்டது, சீரியலில் மாமியார் அழுவது கேட்டது. காது சரியாகிவிட்டது என்று முடிவு கட்டி, சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டினேன். "சரியாப் போச்சு நைனா!" என்று கத்தினேன். "ஆங்?" என்றார். மறுபடி கத்தினேன். அவர் படகுக்கார நண்பர்கள் அத்தனை பேருக்கும் மறுநாள் சொல்லிவிட்டார்.

சோதனைக்குச் சில நாள் முன்பு அம்மாவோடு ஏரிக்குப் போனேன். அம்மா கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, சிக்குவதைக் கழுத்தில் தொங்கும் ஓலைக் கூடையில் போட வேண்டும். அங்கே மட்டும் அம்மா மெதுவாகப் பேசுவாள். சத்தம் போட்டால் எறா ஓடிவிடும் என்பது அவள் கட்சி. நான் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

"எத்தினி தபா சொல்றேன், கெளுத்தி கீது, அங்க கைய வெக்காதன்னு! காதுல வியல?"

கெளுத்தி மீனின் முள் குத்தினால் கை வீங்கிவிடும். ஆனால் நான் முள்ளை நினைக்கவில்லை. அம்மா எனக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தாள். அவள் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவே இல்லை.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். வலப்பக்கம் வந்து மெல்ல, "கேக்குதா?" என்றாள். கேட்டது. இடப்பக்கம் போனாள். உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு அவள் எண்ணெய் பேச்சையே எடுக்கவில்லை.

"நைனாகிட்ட சொல்லாதம்மா," என்றேன். அம்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும், கத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

சோதனைக்கு நைனாதான் கூட வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பொன்னேரி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். வழியெல்லாம் பக்கத்து சீட்காரரிடம், பெண் அடுத்த வாரம் பிளேன் ஏறிவிடும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு கண்ணாடி அறை, ஒரு ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றியதும், கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். குருட்டாம்போக்கில் ஒன்றிரண்டு முறை அமுக்கியும் பார்த்தேன். அவள் பாவமாகப் பார்த்தாள்.

மருத்துவர் நல்ல மனிதர், சுருக்கமாகச் சொன்னார். இடது காது திரும்பாது. இனி பறக்க முடியாது. தரையில் ஏதாவது வேலை கேட்டுப் பாருங்கள்.

வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள். நைனா எழுந்து வந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"இடது காது கேக்காதாம் நைனா."

"ஆங்?"

"இடது காது போச்சு நைனா!"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங்?"

"செவிடாயிடுச்சு நைனா! இனிமே பறக்க முடியாது! வேல போச்சு!"

டோக்கன் கொடுக்கும் பெண் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். விமானத்தில்கூட ஒரே அறிவிப்பை மூன்று முறை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சத்தமாகவே அழுதேன்.

நைனா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கத்தாதம்மா," என்றார். "மொத தபாவே கேட்டுச்சு."