கடைசி ஆள் முன்னுக்கு வரணும்

என் வீட்டுப் பரண்மேல் ஒரு வடம் கிடக்கிறது. அதில் ஒரு பாதி தென்னை நாரில் திரித்தது, மறுபாதி பனை நாரில் திரித்தது. இரண்டும் சேருமிடத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. போன வாரம் மதுரையிலிருந்து வந்த மகள் அதைக் கீழே இறக்கினாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆண்டு விழா வருகிறதாம். எல்லோரும் ஒரே குடும்பமாகப் பழக வேண்டும் என்று ஊழியர்களுக்கு வடம் இழுக்கும் போட்டி வைக்கிறார்களாம், பொறுப்பு இவளுடையது. "அய்யா, கடையில விக்கிற கயிறு கைய அறுக்குது. இது நல்லாருக்கு. நடுவுல முடிச்சு மட்டும் ஆகாது, அதை அவுத்துட்டுப் புதுசாப் பின்னச் சொல்லிக்கிறேன்" என்றாள். சாயங்காலம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டு வடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த ஓர் உப்பளக் கம்பெனியில் நான் எடை போடும் குமாஸ்தா. அங்கே வேலை செய்தவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்து வந்த கிறிஸ்தவ மீனவக் குடும்பங்கள். வலையில் ஒன்றும் படாத மாதங்களில் உப்பு வாரித்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. மற்றது, வடக்கே மானாவாரிக் காடுகளை நம்பி மோசம் போன விவசாயக் குடும்பங்கள். இரண்டு கூட்டமும் ஒரே வெயிலில் வெந்தார்கள், ஒரே உப்பில் கால் வெடித்து நின்றார்கள். ஆனால் ஓலைப் பந்தலின் கீழ் குடிதண்ணீர்ப் பானை மட்டும் இரண்டு. ஒரு கோடையில் தண்ணீர் வண்டி வரத் தாமதமாகி ஒரு பானை காலியாக, அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி அடுத்த பானையில் செம்பை விட்டுவிட்டாள். உப்பு வாரும் பலகையை எடுத்து அடித்துக்கொண்டார்கள். ரத்தம் பாத்தியில் விழுந்து உப்பு சிவந்ததை நானே பார்த்தேன்.

முதலாளி மதுரையிலிருந்து காரில் வந்தார். அப்போதுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மேனேஜரைக் கூப்பிட்டு, "அடுத்த வருசத்துக்கு ஒரு கூட்டம் போதும். எதை நிறுத்துறதுன்னு நீங்களே சொல்லிருங்க" என்றார். மேனேஜர் யோசிக்கவே இல்லை. "ஒரு வருசம் குடுங்க சார். ரெண்டையும் ஒண்ணாக்கிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டார். யாரும் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவது அவர் பழக்கம். முதலாளி சம்மதித்துவிட்டுப் போன பிறகு, "எப்படிச் செய்யப் போறீங்க?" என்று நான் கேட்டேன். "அதத்தான் இனிமே யோசிக்கணும்" என்றார். எந்தக் கூட்டத்தை நிறுத்தினாலும் நூற்றுக்கணக்கான வயிறுகள் காயும்.

அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. கடலைக் கண்டால் பயம். நீச்சல் தெரியாது, கிணற்றில்கூட இறங்கியதில்லை என்பார். தலையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன மாதிரி ஒரு தொப்பி. எங்கள் ஊர்க் காற்று அதைத் தினமும் ஒரு தடவையாவது பறித்துக்கொண்டு போகும், அவர் அரைக்கால் சட்டையோடு வரப்பு வரப்பாகத் துரத்துவார். உப்பு சுமக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் தொப்பியைப் பிடித்த பிறகு திரும்பி நின்று சிரிப்பார். பிள்ளையில்லை. மேனேஜரம்மா கம்பெனி வீட்டின் வாசலில் நின்று, "அதை ஒரு கயித்தால கட்டித் தொலைங்களேன்" என்று கத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் விளையாட்டு, எல்லோரும் வரவேண்டும் என்று அறிவித்தார். முதல் ஞாயிறு வந்தது நான், மேனேஜரம்மா, வாட்ச்மேனின் நாய். அடுத்த நாள் அவர், கூட்டத்துக்கு ஒருவராக இருந்த இரண்டு மேஸ்திரிகளையும் அழைத்து, வடம் இழுக்கும் போட்டிக்கு ஒரு வடம் வேண்டும் என்றார். கடற்கரை மேஸ்திரி தென்னை நார்தான் வடம் என்றார். காட்டு மேஸ்திரி, தென்னை நாரைப் பிடித்தால் கையில் தோல் மிஞ்சாது, பனை நார்தான் வடம் என்றார். "பாதிப் பாதி திரிச்சுக் குடுங்க" என்றார் மேனேஜர். கடற்கரை மேஸ்திரி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். காட்டு மேஸ்திரிக்கு அதில் நம்பிக்கையில்லை. முடிச்சின் மேல் காலை வைத்து மிதித்து, தன் பங்குக்கு இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். யாருடைய பாதி அறும் என்று பார்க்கவே அந்த ஞாயிறு இரண்டு கூட்டமும் திரண்டு வந்தன.

ஒவ்வோர் அணியிலும் இரண்டு பக்கத்து ஆட்களையும் கலந்து நிறுத்தினார் மேனேஜர். இழுவை தொடங்கியது. ஓர் அணி நன்றாக இழுத்துப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தபோது, அதன் கடைசியில் நின்ற மீனவர் வடத்தை விட்டுவிட்டு ஓட்டமாக முன்னால் வந்து பிடித்தார். அவர் பின்னாலேயே அடுத்தவரும் விட்டுவிட்டு ஓடி வந்தார். ஜெயித்துக்கொண்டிருந்த அணி மொத்தமும் குப்புற விழுந்தது. காட்டு மேஸ்திரி வாயில் மண்ணோடு எழுந்து, "ஏலே, ஒனக்குப் பைத்தியமா? எதுக்குடா கைய விட்ட?" என்று பாய்ந்தார். அந்த மீனவர் விழித்தார். "கடேசி ஆளு முன்னுக்கு வரணும்ல? கரைவலை அப்படித்தான இழுக்குறது?" என்றார். கரைவலையை இழுக்கிறவர்கள் கயிற்றோடு பின்னாலேயே நடந்து மேடேறுவார்கள். கடைசி ஆள் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போய் முதல் ஆளாகப் பிடிப்பான். பாட்டன் காலத்திலிருந்து வந்த பழக்கம், கயிற்றைத் தொட்டதும் கால் தன்னால் ஓடிவிட்டது. பிறகு யார் முதலில் சிரித்தார்களோ, திடலே சிரித்தது. அந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேனேஜருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அடுத்த நாளே பந்தலடியில் ஒரே பெரிய பானையை வைத்து, வரிசையில் கடைசியாக நிற்கும் ஆள்தான் முதலில் குடிக்க வேண்டும் என்றார். கடைசியில் நிற்க எல்லோரும் போட்டி போட, வரிசை பின்பக்கமாகவே நீண்டு பாத்திக்குள் இறங்கியது. தலையில் அடித்துக்கொண்டு, காலையில் கடைசியாகக் குடித்தவர் மதியம் முதலில் குடிக்கட்டும் என்று மாற்றினார். முணுமுணுத்தவர்கள் உண்டு. வீட்டிலிருந்து தனிச் செம்பு கொண்டுவந்தவர்கள் உண்டு. ஆனாலும் வெயில் ஏற ஏறத் தாகம் ஜெயித்தது. பிறகு காட்டுப்பக்கத்து ஊரில் ஊருணி தூர் வாரினோம். கடற்கரை ஆட்கள் வரிசையாக நின்று சேற்றுக் கூடையைக் கைமாற்றினார்கள். கீழே சேற்றில் நின்றவர்கள் களைத்துவிடாமல், வரிசையின் கடைசி ஆள் அவ்வப்போது இறங்கி வந்து முன்னால் நின்றார். மாதா கோயில் திருவிழாவுக்குக் காட்டு ஆட்கள் ஓலை சுமந்து போய்ப் பந்தல் போட்டார்கள். மேனேஜர் எல்லா இடத்திலும் சேறும் ஓலையுமாக இடைஞ்சலாக நின்றுகொண்டிருப்பார். வேலை தெரியாது, ஆனால் அவர் இல்லாவிட்டால் வேலை சப்பென்று இருந்தது.

பொங்கலுக்கு, பக்கத்து உப்பளக் கம்பெனியோடு போட்டி. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் நன்றாகவே இழுத்தார்கள், ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது கடைசியில் நின்ற ஆள் வடத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். ஓடியவர் மீனவர் இல்லை, காட்டு மேஸ்திரி! எங்கள் அணி முழுவதும் இழுபட்டுப்போய் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கடற்கரை மேஸ்திரி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இனி நீரு எங்க ஆளுவே!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தோத்துட்டு எதுக்கய்யா சிரிக்கிறாங்க?" என்று முதலாளி கேட்டார். மேனேஜரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முதலாளி எழுந்து, "சரி, ஒரு வருசம்னு சொன்னீங்க. இந்த வருச மழைக்காலம் வரைக்குமே வச்சுக்குங்க, அது முடிஞ்சதும் முடிவைச் சொல்றேன்" என்றார்.

அந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. அம்பாரமாகக் குவித்த உப்பை ஓலை போட்டு மூட எல்லோரும் வந்திருந்தோம். வாடைக்காற்று ஆளைத் தள்ளியது. முற்பகலில் கரையிலிருந்து கூச்சல் கேட்டது. கடலுக்குப் போயிருந்த வள்ளம் ஒன்று திரும்பி வரும்போது, கரைக்குக் கிட்டத்திலேயே மணல் திட்டில் மாட்டிக்கொண்டு அலையில் உருண்டுகொண்டிருந்தது. அதில் கடற்கரை மேஸ்திரியின் தம்பியும் அவர் கூட்டாளிகளும் இருந்தார்கள். மேனேஜர் வடத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒருவர் நீந்திப் போய் அதை வள்ளத்தில் கட்டினார். இரண்டு கூட்டமும் வடத்தைப் பிடித்தன. நானும் பிடித்தேன், எனக்குப் பின்னால் மேனேஜர் பிடித்தார். இழுத்தபடி பின்னால் நடந்தோம். கடைசி ஆள் விட்டுவிட்டு ஓடி முன்னால் தண்ணீரில் இறங்குவார், அடுத்து இன்னொருவர் இறங்குவார். வள்ளம் மெல்ல நகர்ந்தது.

மேனேஜர் முறை வந்தது. முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்ற கடற்கரை மேஸ்திரி பார்த்துவிட்டு, "நீங்க வராதீக அய்யா! அங்கனயே நில்லுங்க!" என்று கத்தினார். மேனேஜர் வடத்தை விட்டுவிட்டார். தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இதப் பிடிங்க, காத்து கொண்டுபோயிரும்" என்றார். அடுத்து அவர் தண்ணீருக்குள் இருந்தார். கடலில் பழகியவர்கள், பெரிய அலை எழும்பினால் வள்ளம் பாயும் என்று தெரிந்து விலகிவிடுவார்கள். இவர் அலையைப் பார்க்கவில்லை. வள்ளத்தில் இருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை தூக்கியது, வள்ளம் பாய்ந்தது, அதன் முன்புறம் அவர் நெஞ்சில் மோதியது. வள்ளத்தில் வந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அவரைக் கரைக்குத் தூக்கி வந்தபோது மூச்சு இல்லை. தொப்பி என் கையில் இருந்தது.

மழையில் பாதை உடைந்து சிவகங்கையிலிருந்து உறவுக்காரர்கள் வந்துசேர முடியவில்லை. மேனேஜரம்மாவின் தம்பி ஒருவர் மட்டும் எப்படியோ வந்தார். முதலாளி வந்தார். காட்டுப்பக்கத்து ஊரின் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும், வழி முழுவதும் பாத்தி வரப்பு, வழுக்கல். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வரப்பின் மேல் இரண்டு கூட்டமும் நீள வரிசையாக நின்றார்கள். பாடையைத் தூக்கியவர்கள் சிறிது தூரம் நடந்ததும் தோள் மாற்றிக்கொண்டார்கள். தோள் கொடுக்க ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசியிலிருந்து ஆட்கள் சேற்றில் இறங்கி முன்னால் ஓடி வந்தார்கள். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டவர்களும் திருநீறு பூசியவர்களும் மாறி மாறிச் சுமந்தார்கள். மீனவப் பெண்கள் நெற்றியில் சிலுவைக் குறி போட்டபடி அழுதார்கள். கடற்கரை மேஸ்திரி மட்டும் தோளை மாற்றவே மறுத்துவிட்டார். "எந்தம்பிய வாங்கிக்கிட்டு இவரக் குடுத்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மேனேஜரம்மா வாசலில் நின்றிருந்தார். உடல் வந்ததிலிருந்து அந்த அம்மாள் அழவே இல்லை. முதலாளியைப் பார்த்து, "அவுக கேட்ட ஒரு வருசம் முடிஞ்சிருச்சு. என்ன முடிவு பண்ணியிருக்கீக?" என்று கேட்டார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேரும் இருப்பாங்கம்மா" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுவாரம் மேனேஜரம்மா தம்பியோடு ரயிலேறிப் போய்விட்டார். தொப்பியைக் கொடுத்தேன், சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டார். உயிர் குடித்த கயிறு என்று கடற்கரை ஆட்கள் வடத்தைத் தொட மறுத்தார்கள். எரிக்கவும் மனம் வராமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், இரண்டு கூட்டத்துக்கும் வேலை இருந்தது. புதிய மேனேஜரும் நல்லவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விடுவார். விளையாட்டு நின்றது. ஊருணி வேலை நின்றது. சில வருடங்கள் கழித்து ஒரு கோடைக் காலையில் வேலைக்குப் போனால், பந்தலடியில் இரண்டு பானைகள் இருந்தன. சண்டை ஒன்றும் நடக்கவில்லை, யார் வைத்தார்கள் என்றும் தெரியவில்லை. இரண்டு மேஸ்திரிகளும் அதைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலைக்குப் போனார்கள். சாவு வீட்டில் வராத அழுகை அன்று எடை மேடையில் எனக்கு வந்தது.

சாயங்காலம் மகள் வந்து வடத்தை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சோடு மல்லுக்கட்டினாள். நகம் ஒடிந்தது. அரிவாள்மணை நுனியைக் கொடுத்து நெம்பினாள். "யாருய்யா இப்படி முடிச்சுப் போட்டது?" என்றாள்.

"ஒருத்தர் போட்டாரு. இன்னொருத்தர் இறுக்குனாரு."

"முடிச்சோடயேவா இழுத்தீங்க? ஜெயிச்சீங்களா?"

"இல்லம்மா. தோத்துட்டோம்" என்றேன். முடிச்சின் மேல் கையை வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, முடிச்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.